வேன் எட்டும் தூரம்

குறைந்தபட்ச ஊதியம் என்பது ஒரு தொழிலில் ஒரு நாள் அல்லது ஒரு மாத வேலைக்கு எந்த முதலாளியும் இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அரசு சட்டத்தின் வழியாக விதிக்கும் தொகையாகும். இவ்வளவு எளிய விதியைப் பற்றிப் பொருளியலாளர்கள் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக உடன்பாடு காணாமல் விவாதித்து வருகின்றனர். ஒரே தொகை ஓரிடத்தில் வேலைகளைக் குறைக்கவும், இன்னோரிடத்தில் வேலைகளைக் கூட்டவும், மூன்றாவது இடத்தில் எதையும் அசைக்காமல் அரசிதழில் மட்டுமே கிடக்கவும் கூடும் என்பதே அதற்குக் காரணம். இம்மூன்றும் ஒரே மாவட்டத்துக்குள் நிகழ்வதைத் திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தில் காணலாம். அதுவும் மாநகரின் நடுவில் நின்று பார்ப்பதைவிட, தாராபுரத்திலிருந்து கரூர் செல்லும் சாலையில் உள்ள மூலனூர் போன்ற ஒரு பேரூராட்சியிலிருந்து பார்த்தால் அது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

மூலனூர் வறண்ட பகுதி. அதன் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் பருத்தி, முருங்கை, கொரங்காடு என்னும் வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில் மேயும் ஆடுமாடுகள் ஆகியவற்றைக் கொண்டு நெடுங்காலமாக வாழ்ந்து வந்தன. அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் பருத்தி ஏலம் வட்டாரம் கடந்தும் அறியப்பட்டது. இந்த வேலைகளுக்கு இணையாக இன்று நிற்பவை நூற்பாலைகளும், பனியன் கம்பெனிகளும், நூறு நாள் வேலை என்று மக்கள் அழைக்கும் ஊரக வேலை உறுதித் திட்டமும் ஆகும். விடியற்காலையில் கிராமம் கிராமமாகச் சென்று ஆட்களை ஏற்றி இரவில் கொண்டுவந்து விடும் கம்பெனி வேன், இவ்வட்டாரத்தின் உழைப்புச் சந்தைக்கு எல்லை வகுக்கிறது. உழைப்புச் சந்தை என்பது ஒரு தொழிலாளி தம் உழைப்பை விற்கக்கூடிய எல்லா இடங்களும் சேர்ந்த வெளி என்று கொண்டால், மூலனூர்ப் பெண் ஒருவருக்கு அந்த வெளி எந்தெந்தக் கம்பெனிகளின் வேன் தம் ஊருக்கு வருகிறதோ அந்த அளவே விரிந்தது. குறைந்தபட்ச ஊதியத்தின் விளைவு என்ன என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியிருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

பாடநூல்கள் சொல்லும் முதல் விடை வேறு. உழைப்பும் ஒரு சரக்கு. அதன் விலை ஏறினால் வாங்குவோர் குறைவாக வாங்குவர். ஆகவே சந்தை விலைக்கு மேலே அரசு ஒரு கூலியை விதித்தால் அந்தக் கூலிக்குத் தகுந்த பயனைத் தராத தொழிலாளர்கள் வேலையிழப்பர். சிகாகோ மரபின் முன்னணி அறிஞரான ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1946-இல் எழுதிய கட்டுரையில் இவ்வாதத்தைக் கூர்மையாக முன்வைத்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதுவே துறையின் பொதுக் கருத்தாக நிலைத்தது. இதில் பிழையான தர்க்கம் ஏதும் இல்லை. ஆனால் இதற்குள் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது: வாங்குவோரும் விற்போரும் எண்ணற்றவர்கள், ஒரு முதலாளி ஒரு ரூபாய் குறைத்தால் தொழிலாளி மறுநாளே அடுத்த வாசலுக்குப் போய்விடுவார், எனவே எந்த முதலாளியாலும் கூலியைத் தாமாக நிர்ணயிக்க இயலாது என்பதே அது. திருப்பூர் மாநகருக்குள் அனுபவம் மிக்க ஓவர்லாக் டெய்லர் ஒருவரைப் பொறுத்தவரை இந்த எடுகோள் பெருமளவு பொருந்தும். அவர் ஒரு கம்பெனியில் பீஸ் ரேட் என்னும் உருப்படிக் கூலி பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் வேறொன்றில் அமர்ந்துவிடுவார். ஆனால் மூலனூரில் வேனுக்குக் காத்திருப்பவருக்கு அது பொருந்துவதில்லை.

பொருந்தாத இடத்தில் என்ன நிகழும் என்பதை இங்கிலாந்துப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்து, வாங்குவோர் முற்றுரிமை என்ற கருத்தை வகுத்தார். விற்பவர் ஒருவரே இருந்தால் விலையை ஏற்றுவார் என்பது அனைவருக்கும் தெரியும். அதன் மறுபக்கமாக, உழைப்பை வாங்குபவர் ஒருவராகவோ ஒரு சிலராகவோ இருந்தால் அவர்கள் கூலியைத் தாழ்த்தி வைக்கும் வலிமை பெறுவர் என்பதே இக்கருத்து. இதன் இயக்கத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு நூற்பாலை பக்கத்து ஊர்களிலிருந்து 20 பேரை நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலிக்கு வைத்திருக்கிறது என்றும், இருபத்தொன்றாம் ஆள் சற்றுத் தொலைவிலிருந்து வரவேண்டியவராதலால் 420 ரூபாய் கேட்கிறார் என்றும் கொள்வோம். புதியவருக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தால் பழையவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். எனவே எல்லோருக்கும் 20 ரூபாய் கூட்ட வேண்டும். அப்போது அந்த ஓர் ஆளால் ஆலைக்கு ஏற்படும் கூடுதல் செலவு 420 ரூபாய் அன்று. 420-உடன் பழைய இருபது பேருக்கான 400 ரூபாயும் சேர்ந்து 820 ரூபாய். அவருடைய வேலையால் ஆலைக்குக் கிடைக்கும் பயன் 600 ரூபாய் என்றால், அவரை அமர்த்தாமல் விடுவதே ஆலைக்கு இலாபம். இப்போது அரசு 420 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக விதித்துவிட்டால் பழைய இருபது பேருக்கு அத்தொகையை எப்படியும் கொடுத்தாக வேண்டும். இருபத்தொன்றாம் ஆளுக்கான கூடுதல் செலவு வெறும் 420 ஆகிவிடும். 600 ரூபாய் பயன் தரும் அவரை ஆலை மகிழ்ச்சியோடு அமர்த்திக்கொள்ளும். கூலியும் ஏறுகிறது, வேலையும் ஏறுகிறது. அதே அரசு 650 ரூபாய் என்று விதித்தால் நிலைமை தலைகீழாகும்: இருபத்தொன்றாம் ஆள் மட்டுமல்ல, முதல் இருபது பேரில் அத்தொகைக்குக் குறைந்த பயன் தருவோரும் வெளியேற்றப்படுவர். 420-க்கும் 600-க்கும் இடையே உள்ள இடைவெளிதான் சட்டத்துக்கு உள்ள வெளி. அந்த வெளியின் அகலம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறுபடும்.

இக்கணக்கு கோட்பாட்டு விளையாட்டன்று என்பதற்குத் திருப்பூர் வட்டாரத்தின் சுவர்களே சான்று. பனியன் கம்பெனிகளின் வாசலிலும் மின்கம்பங்களிலும் "ஆட்கள் தேவை" என்ற பலகை ஆண்டு முழுவதும் தொங்குகிறது. தொழில் அமைப்புகள் ஆள் பற்றாக்குறையைப் பற்றி ஆண்டுதோறும் முறையிடுகின்றன. ஆனாலும் அடிமட்ட வேலைகளின் கூலி அந்த முறையீட்டுக்கு ஏற்ற வேகத்தில் ஏறுவதில்லை. போட்டி நிறைந்த சந்தையில் இது புதிர். தக்காளி தட்டுப்பாடானால் விலை ஏறியே தீரும். வாங்குவோர் முற்றுரிமையில் இது புதிரே அன்று, ஏனெனில் அங்கே ஒவ்வொரு முதலாளியும் நிலவும் கூலிக்கு இன்னும் ஆள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளத் தயாராகவே இருப்பார், கூலியை ஏற்றி எடுக்க மட்டும் தயங்குவார். தீராத காலியிடமும் தேங்கிய கூலியும் ஒருங்கே காணப்படும் இடத்தில் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்துவது வேலையைப் பறிக்கும் என்ற அச்சம் பெரும்பாலும் மிகையானதே. முதலாளிகள் சிலர் கூலியை ஏற்றுவதற்குப் பதிலாக வேனை இன்னும் தொலைவுக்கு அனுப்புகின்றனர், விடுதி கட்டுகின்றனர், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து ஆள் வரவழைக்கின்றனர். இவை யாவும் பணம் செலவாகும் வழிகளே. ஆயினும் பழைய ஆட்களின் கூலியை அசைக்காத வழிகள் என்பது கவனிக்கத்தக்கது.

இந்தத் தர்க்கம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மேற்குத் தமிழகத்து நூற்பாலைகளில் நிலவிய முறை காட்டியது. ஏழைக் குடும்பத்துப் பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்கவைத்து, பயிலுநர் என்று பெயரிட்டு, நாள்தோறும் சிறு தொகை கொடுத்து, ஒப்பந்த முடிவில் திருமணச் செலவுக்காக ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்வது அதன் அமைப்பு. இடையில் வெளியேறினால் அந்தத் தொகை கிடைக்காது. பொருளியல் மொழியில் சொன்னால், தொழிலாளி வேறிடம் போவதற்கான செலவைச் செயற்கையாக உயர்த்தும் ஏற்பாடு அது. வெளியேறும் வழி அடைபட்ட இடத்தில் கூலி ஏற வேண்டிய தேவையே எழாது. பயிலுநர் என்ற சொல்லே சட்டத்தின் பிடியிலிருந்து நழுவும் வழியாக இருந்ததால், தமிழக அரசு 2008-இல் பஞ்சாலைப் பயிலுநர்களுக்கும் தனியே குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்க நேர்ந்தது.

அரசு அறிவிக்கும் தொகை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அட்டவணையில் இடம்பெற்ற தொழில்களுக்கு மட்டும் பொருந்தியது. ஐந்தாண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் ஊதியத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று அது கூறிய போதிலும் கணக்கிடும் முறையைக் கூறவில்லை. அந்தக் குறையை 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு நிரப்பியது: ஒருவர் ஈட்டும் கூலி மூன்று நுகர்வு அலகுகளைத் தாங்க வேண்டும், அதாவது தொழிலாளி, வாழ்க்கைத் துணை, இரு குழந்தைகள் ஆகியோரின் தேவை மூன்று வளர்ந்த ஆள்களின் தேவையாகக் கொள்ளப்படும், ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, தனியே வீட்டு வாடகை, அத்துடன் எரிபொருள் முதலியவற்றுக்கு மொத்தத்தில் 20 விழுக்காடு. சென்னையில் ஆலை கொண்டிருந்த ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் கல்வி, மருத்துவம், முதுமை, திருமணம் போன்றவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டைச் சேர்த்தது. 2019-இல் அனூப் சத்பதி தலைமையிலான வல்லுநர் குழு நுகர்வு அலகை 3.6 ஆக உயர்த்தி, கலோரியை 2,400 ஆகக் குறைத்து, புரதமும் கொழுப்பும் சேர்த்து, 2018 ஜூலை விலைகளின்படி நாளொன்றுக்கு 375 ரூபாய் என்ற தேசியத் தொகையைப் பரிந்துரைத்தது.

இக்கணக்குகள் அனைத்தும் தொழிலாளியின் தேவையிலிருந்து புறப்படுகின்றன. மேலே கண்ட 420-க்கும் 600-க்கும் இடைப்பட்ட வெளியைப் பற்றி அவை எதுவும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது என்பது நீதிமன்றங்களின் நிலை. கேரளத்து ஓட்டுத் தொழில் தொடர்பான உன்னிச்சோயி வழக்கில் 1961-இலேயே, குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது முதலாளியின் கொடுக்கும் திறன் கருதத்தக்கதன்று என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கூலி பெற்றுச் செய்யும் வேலை அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. அறத்தின் நோக்கில் இந்நிலை ஐயத்துக்கு இடமற்றது. பொருளியலின் வேலை அதனுடன் மோதுவது அன்று. அந்தத் தொகையின் சுமை எவர் தோளில் எவ்வளவு இறங்குகிறது என்று தேடிப் பார்ப்பதே.

தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் தமிழர்களுக்காக 1927-இலேயே குறைந்தபட்ச ஊதியக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டம் வழங்கும் அரிசியின் விலையையும் அது கட்டுப்படுத்த முயன்றது, ஏனெனில் கூலியில் ஏற்றிக் கொடுப்பதை அரிசி விலையில் பிடித்துக்கொள்ள முடியும் என்பதைச் சட்டம் வரைந்தோர் அறிந்திருந்தனர். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2021-இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 இலங்கை ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, பல தோட்டங்களில் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதாகவும் வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிற்சங்கங்கள் குற்றம் சாட்டின. தஞ்சையில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின்னணியாக இருந்ததும் கூலி நெல் தகராறே. அதையடுத்து 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி என்பது ஒரு தொகையாகத் தோன்றினாலும் அது தொகையும் அளவும் சேர்ந்த இணை. எவ்வளவு வேலைக்கு எவ்வளவு என்பதில் சட்டம் ஒரு பாதியை மட்டும் பிடித்தால் மற்றப் பாதி நகரும்.

திருப்பூரில் அந்த மற்றப் பாதி ஷிப்டும் பீஸும் ஆகும். சட்டம் எட்டு மணி நேர வேலை நாளைக் கொண்டு பேசுகிறது. திருப்பூர் ஒன்றரை ஷிப்டைக் கொண்டு இயங்குகிறது. காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் அந்த ஒன்றரை ஷிப்டில், எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட நான்கு மணி நேரம் மிகைநேரம் ஆகும். சட்டத்தின்படி அதற்கு இரட்டிப்புக் கூலி. ஷிப்டுக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 60. சட்டப்படி பன்னிரண்டு மணி நேரத்துக்கு 960 ரூபாய் வரவேண்டும். அரை ஷிப்டுக்கு அரைக் கூலி என்ற வழக்கப்படி வருவது 720. அறிவிக்கப்பட்ட நாள்கூலியை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமலேயே, வேலை நேரத்தை நீட்டிக் கூலியின் உண்மை மதிப்பைச் சட்டத்துக்குக் கீழே கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. தொழிலாளர்களும் ஒன்றரை ஷிப்டையே விரும்புகின்றனர் என்று கம்பெனிகள் சொல்வது பொய்யன்று. ஒரு ஷிப்டுக் கூலியில் வீட்டு வாடகையும் கந்து வட்டியும் கட்டிய பிறகு மிஞ்சுவது போதாதபோது அரை ஷிப்டு விருப்பமாகத்தான் தோன்றும். ஷிப்டுக் கூலி உண்மையாகவே உயர்ந்தால் முதலில் சுருங்கக் கூடியது ஆட்களின் எண்ணிக்கையா, அந்த அரை ஷிப்டா என்பது விவாதங்களில் அதிகம் கேட்கப்படாத கேள்வி. இரண்டாவதாகச் சொல்லப்பட்டது நிகழ்ந்தால் அதை வேலையிழப்பு என்று எண்ணுவது சரியாகாது.

பீஸ் ரேட் இன்னும் நுட்பமானது. நேரக் கூலி மட்டும் நிர்ணயிக்கப்பட்ட தொழிலில் ஒருவர் உருப்படிக் கணக்கில் வேலை செய்தாலும் நேரக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறியது. விரைந்து தைப்பவருக்கு இவ்விதி தேவைப்படாது, அவர் அதற்கு மேலேயே ஈட்டுவார். விதி பயன்படுவது மெதுவாகத் தைப்பவருக்கு. ஆனால் கான்ட்ராக்டர் ஒருவர் ஆள் சேர்க்கும் இடத்தில், குறைந்தபட்ச ஊதியத்தைத் தொடும் அளவுக்கு உருப்படி முடிக்காதவரை அடுத்த வாரம் அழைக்காமல் விடுவது எளிது. ஸ்டிக்ளர் அஞ்சிய வெளியேற்றம் திருப்பூரில் நிகழுமானால் அது பெரும்பாலும் இவ்வாறே, ஆரவாரமின்றி, வயது முதிர்ந்தோரையும் புதிதாகப் பழகுவோரையும் தேர்ந்து நிகழும். பெண்களைப் பொறுத்தவரை வேறொரு வழி இருக்கிறது. அறிவிக்கப்பட்ட ஊதியத்தில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. வேலைப் பிரிவில் உண்டு. கட்டிங், அயனிங் ஒரு தரம். செக்கிங் ஒரு தரம். கைமடித்தல், அடுக்கிக் கட்டுதல் இன்னொரு தரம். பிந்தையவற்றில் அமர்த்தப்படுவோர் பெரும்பாலும் பெண்களே.

சட்டத்தின் தொகைக்கு அருகிலேயே திருப்பூரில் இன்னொரு தொகையும் உண்டு. உற்பத்தியாளர், ஏற்றுமதியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அமர்ந்து பேசி, ஒவ்வொரு பிரிவுக்கும் கூலி உயர்வைக் கையெழுத்திடும் ஒப்பந்தமே அது. இந்த மரபுக்குப் பின்னால் 1984-இல் பஞ்சப்படி எனப்படும் அகவிலைப்படிக்காக 127 நாட்கள் நீடித்த வேலைநிறுத்தம் இருக்கிறது. தொழிலாளர்கள் பஞ்சப்படியைப் பெற்றனர். ஆனால் அதன்பின் வந்த ஆண்டுகளில் ஒரே கூரையின் கீழ் நடந்த வேலைகள் சிறு சிறு யூனிட்டுகளாகவும் ஜாப் ஒர்க்காகவும் சிதறின. இந்தச் சிதறலுக்கு ஏற்றுமதிச் சந்தையின் தன்மை உட்படப் பல காரணங்கள் உண்டு என்றாலும், கூலிச் சட்டமும் சங்கமும் எட்டும் இடத்திலிருந்து வேலை எட்டாத இடத்துக்கு நகர்ந்தது என்பது மறுக்க இயலாதது. பவர் டேபிள் எனப்படும் தையல் யூனிட் ஒன்றின் உரிமையாளர் தம்மிடம் துணி தரும் கம்பெனியிடம் உருப்படிக் கூலி பெறுபவர். தம் டெய்லருக்கு உருப்படிக் கூலி கொடுப்பவர். அவரை முதலாளி என்று சட்டம் பிடிக்கும்போது, கூலியை உண்மையில் நிர்ணயித்தவர் இன்னொரு தெருவில் இருப்பார்.

தையல் தொழிலுக்கான குறைந்தபட்ச ஊதியம் 2004-க்குப் பின் 2014-இல்தான் திருத்தப்பட்டது என்பது ஐந்தாண்டு வரம்பு எவ்வளவு நெகிழ்வாகக் கையாளப்பட்டது என்பதைக் காட்டும். அந்தத் திருத்தத்தை எதிர்த்து உற்பத்தியாளர்கள் தொடுத்த நூற்றுக்கணக்கான மனுக்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் தள்ளுபடி செய்தது. உயர்வு 30 விழுக்காடு வரை இருந்தது. பத்தாண்டுகள் உறைந்திருந்த ஒரு தொகை ஒரே நாளில் அவ்வளவு ஏறும்போது முதலாளிகள் அதிர்வது இயல்பே. ஆனால் அந்த அதிர்ச்சி உயர்வால் விளைந்ததைவிடக் காலதாமதத்தால் விளைந்தது எனலாம். ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப ஏறும் அகவிலைப்படி ஓரளவு ஈடுகட்டினாலும் அடிப்படை ஊதியம் அதுவரை உறைந்தே இருந்தது.

மீறினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டால்தான் படம் முழுமையாகும். 50 பேர் வேலை செய்யும் ஒரு யூனிட், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் குறைத்துக் கொடுத்தால் 26 நாட்களில் மிஞ்சுவது 52,000 ரூபாய். பழைய சட்டத்தின் மூல வாசகம் இதற்கு விதித்தது ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், சிறை அரிது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு அபராதத்தின் உச்சத்தை 50,000 ரூபாயாக்கியது. நூறு மடங்கு உயர்வு என்று கேட்கும்போது பெரிதாகத் தோன்றினாலும், நம் கணக்கில் அது ஒரு மாத மிச்சத்தைக்கூடத் தொடவில்லை. உண்மையான பல் வேறோரிடத்தில் இருக்கிறது: குறைத்த தொகையுடன் அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு கோரும் உரிமையும், கோருவதற்கான காலம் ஆறு மாதத்திலிருந்து மூன்றாண்டாக நீட்டப்பட்டதும் ஆகும். ஆனால் கோருபவர் மறுநாளும் அதே வேனில் ஏற வேண்டியவர்.

உலக அனுபவம் என்ன சொல்கிறது? டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1992-இல் நியூஜெர்சி மாநிலம் மணிக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, கூலி மாறாத அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் துரித உணவகங்களோடு ஒப்பிட்டு, வேலைவாய்ப்பு குறையவில்லை என்று 1994-இல் வெளியிட்டனர். கார்டு 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் ஆகியோர் அம்முடிவைக் கடுமையாக மறுத்தனர், விவாதம் ஓயவில்லை. ஜெர்மனி 2015-இல் 8.50 யூரோ விதித்தபோது வேலைகள் அழியாமல், சிறிய, திறன் குன்றிய நிறுவனங்களிலிருந்து பெரியவற்றுக்குத் தொழிலாளர் நகர்ந்ததாக ஆய்வாளர்கள் கண்டனர். எதிர்த்திசையில் போர்ட்டோ ரிக்கோ நிற்கிறது: அமெரிக்கா 1938-இல் மணிக்கு 25 சென்ட் என்று விதித்தபோது, கூலி மிகத் தாழ்ந்திருந்த அத்தீவின் ஊசித்தையல் தொழில் அடிபட்டு, 1940-இல் தீவுக்கு மட்டும் விதியைத் தளர்த்த நேர்ந்தது. இந்தியாவில் நிதியா மேனனும் யானா ராட்ஜர்ஸும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, குறைந்தபட்ச ஊதிய உயர்வு வேலைவாய்ப்பைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று கண்டது. சட்டம் சரியாக அமலாகாத நாட்டில் பாதிப்பு இல்லை என்ற முடிவை மகிழ்ச்சியோடு ஏற்பதற்கு முன் சற்றுத் தயங்கவும் வேண்டும்.

ஏற்றுமதித் தொழிலில் விலையை நிர்ணயிப்பவர் கடல் கடந்தவர் என்பதால் கூலி உயர்வை வாங்குபவர் மீது ஏற்ற முடியாது என்பது திருப்பூரின் நிலையான வாதம். இது பாதி உண்மை. வங்கதேசம் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாத ஊதியத்தை 2013-இல் 5,300 டாக்காவாகவும், 2018-இல் 8,000 ஆகவும், 2023 டிசம்பர் முதல் 12,500 ஆகவும் உயர்த்தியது. போட்டியாளரின் கூலி ஏறும்போது திருப்பூருக்குக் கிடைக்கும் வெளியும் விரிகிறது. மறுபுறம் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, எந்தக் கூலி உயர்வும் செய்திராத அளவுக்கு ஆர்டர்கள் ஆட்டங்கண்டன. ஓர் உடுப்பின் விலையில் தைப்பவரின் கூலி சிறு பங்கே என்பதை நினைவில் கொண்டால், இந்த ஒப்பீடு வியப்பளிக்காது.

மீண்டும் மூலனூரின் வயல்களுக்கு வந்தால், கூலியின் விளைவு அலைபோலப் பரவுவது தெரியும். ஊரக வேலை உறுதித் திட்டம் தமிழகத்துக்கு 2025-26-இல் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். செய்த வேலையை அளவெடுத்த பிறகு கைக்கு வருவது குறைவாகவும் இருப்பதுண்டு. ஆயினும் அது கிராமத்திலேயே, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை. கிளெமென்ட் இம்பெர்ட்டும் ஜான் பாப்பும் 2015-இல் காட்டியபடி, இத்திட்டம் தீவிரமாக நடந்த மாநிலங்களில் தனியார் கூலியும் உயர்ந்தது. சட்டம் செய்யாததை ஒரு மாற்று வேலை செய்தது. அந்த உயர்வு பருத்திக்காரருக்குச் சுமை. பருத்தி எடுப்பு கிலோக் கணக்குக் கூலி. ஏல விலை பஞ்சுச் சந்தையின் கையில். கம்பெனி தன் செலவை ஓரளவு பரப்ப முடியும், மூன்று ஏக்கர் விவசாயிக்கு அந்த வழி இல்லை. ஆள் குறைவாகக் கேட்கும் முருங்கையும் மேய்ச்சலும் அவருக்கு ஈர்ப்பாகத் தோன்றுவது இதனால்தான். குறைந்தபட்ச ஊதியம் பற்றிய விவாதங்களில் இவர் முதலாளி என்ற ஒரே சொல்லுக்குள் ஏற்றுமதியாளரோடு சேர்த்து அடைக்கப்படுவது நியாயமன்று.

புதிய சட்டத்தொகுப்பு அட்டவணைத் தொழில் என்ற பிரிவையே நீக்கி எல்லாத் தொழிலாளர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியத்தை உரித்தாக்குகிறது. எந்த மாநிலமும் அதற்குக் கீழே போகக் கூடாத ஒரு தேசிய அடித்தள ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. தமிழகத்தின் கூலி பல மாநிலங்களைவிட மேலே இருப்பதால் அந்தத் தொகை இங்கே யாருடைய சம்பளத்தையும் நேரடியாக மாற்றாமல் போகலாம். ஆனால் ஒடிசாவிலும் பீகாரிலும் அது உண்மையாகவே அமலானால், அங்கிருந்து இரண்டு நாள் ரயில் பயணம் செய்து திருப்பூர் விடுதிக்கு வருவோரில் ஒரு பகுதியினருக்கு வருவதற்கான காரணமே குறையும். அப்போது கம்பெனிகள் மறுபடியும் மூலனூர்ப் பக்கம் கூடுதல் வேன்களை அனுப்ப நேரும், ஒரே தெருவுக்கு இரண்டு மூன்று கம்பெனிகளின் வேன்கள் வந்து நின்றால் கூலியைப் பேசும் நிலையில் இருப்பவர் ஏறப்போகும் ஆளாக இருப்பார்.